முட்டும் முதுகும்: வாசகர் கேள்வி, எலும்பு மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் நகல் இணைத்திருந்தது. ஒரு உறைக்குள் அறிக்கை மட்டுமே இருந்தது, கேள்வியைக் காணோம். படத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் சோதிடம் எனக்கு வராது. எந்தப் படியில் இறங்கும்போது வலிக்கிறது, தரையில் உட்கார்ந்தால் எப்படி எழுந்திருக்கிறீர்கள், இரவில் வலி எழுப்புகிறதா என்று எழுதுங்கள். நாலு வரி போதும்.

இன்னொரு குறையும் உண்டு. கடிதங்களில் ‘ஜவ்வு’ என்ற சொல் படும் பாடு. முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். போன்ற தசைநார் அறுந்தாலும் ஜவ்வு, மூட்டுக்குள் மெத்தை போல் இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு, முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கினாலும் ஜவ்வு. மூன்றும் வேறு வேறு பொருள். வைத்தியமும் வேறு வேறு. ‘ஜவ்வு போய்விட்டது’ என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள்.

என் மகனுக்கு 19 வயது. பாதுகாவலர் திருவிழாவையொட்டி நடந்த கால்பந்துப் போட்டியில், ஓடிக்கொண்டே திரும்பியபோது முழங்கால் முட்டுக்குள் ‘டக்’ என்று சத்தம் கேட்டதாம். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. ஏ.சி.எல். முழுவதும் அறுந்திருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. உடனே ஆபரேஷன் என்கிறார் ஒரு டாக்டர், பயிற்சி செய்து பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். மூன்று மாதத்தில் அணித் தேர்வு இருக்கிறது. மற்ற நாட்களில் அவன் என்னோடு படகில் வருகிறான். – ஒரு தந்தை, தூத்தூர்

அணித் தேர்வை முதலில் மறந்துவிடுங்கள். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்த முட்டு மூன்று மாதத்தில் ஆட்டத்துக்கு ஆகாது. அதை ஒப்புக்கொண்டால் உங்கள் அவசரத்தில் பாதி வடிந்துவிடும்.

அந்த இரண்டு மருத்துவர்களும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோதிக்கொள்ளவில்லை. வீக்கம் வடிய வேண்டும், கால் முழுவதும் நீள வேண்டும், தொடைத் தசை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். அதற்கு முன் அறுவை செய்தால் மூட்டு இறுகிப்போகும் ஆபத்து இருக்கிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்கு இருவர் சொல்வதும் ஒன்றேதான்: பயிற்சி.

வழி பிரிவது அதற்குப் பிறகு. ஸ்வீடனில் 18 முதல் 35 வயது வரை உள்ள, ஏ.சி.எல். அறுந்த 121 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. 62 பேருக்கு உடனே அறுவை, கூடவே பயிற்சி. 59 பேருக்குப் பயிற்சி. தேவை வந்தால் மட்டும் பின்னால் அறுவை. இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டபோது, வலியிலும் ஓட்டத்திலும் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதற்குள் இரண்டாம் பிரிவில் 23 பேர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் அது 30 ஆகியிருந்தது. இதைப் பாதி படித்தவர்கள் ‘அறுவையே வேண்டாம் என்று வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள்’ என்பார்கள். நான் படித்த வகையில், பாதிப் பேருக்கு வேண்டியிருந்தது, பாதிப் பேருக்கு வேண்டியிருக்கவில்லை. யார் எந்தப் பாதி என்பது முதல் நாளில் தெரியவில்லை, பயிற்சியின்போதுதான் தெரிந்தது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட வீரர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் மகனை எந்தப் பாதியில் வைப்பேன்? போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரிதான் எனக்கு முக்கியம். ஆழ்கடலில் ஆடும் ஈரத் தளத்தில் கயிறு இழுப்பவனின் பாதம் ஊன்றி நிற்கும், உடம்பு திரும்பும். மைதானத்தில் ஏ.சி.எல். அறுவதும் இதே அசைவில்தான். கரைக்குப் பல நாள் தொலைவில் முட்டு நழுவினால் ஐஸ் கட்டி வைக்கலாம், வேறென்ன செய்ய முடியும்? மேலும் ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே நல்ல நிலையில் இருக்கும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழியக்கூடும். பந்தும் வேண்டும் படகும் வேண்டும் என்றால், இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு அறுவை செய்துகொள்ளட்டும் என்பேன். அதுவரை படகு வேண்டாம்.

அறுவை என்றால் அறுந்ததை ஊசி நூலால் தைப்பது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் பின்தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ, தசையை எலும்போடு இணைக்கும் ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புது நாராகப் பொருத்துகிறோம். இளவயதினரிடம் எங்களுக்குள்ள தொல்லை, அந்தப் புது நாரையும் அறுத்துக்கொண்டு வந்து நிற்பது. 14 முதல் 25 வயது வரையான 618 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. பின்தொடை நாணோடு, மூட்டின் வெளிப்புறத்தில் கூடுதலாக ஒரு பட்டையையும் இழுத்துத் தைத்தவர்களில் 4 சதவீதம் பேருக்குப் புது நார் இரண்டு ஆண்டுக்குள் அறுந்தது. அந்தப் பட்டை இல்லாதவர்களில் 11 சதவீதம். உங்கள் பையனுக்கு அது பொருந்துமா என்று அறுவைக்கு முன் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

மைதானத்துக்கு எப்போது? ஒன்பது மாதத்துக்கு முன் கூடாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை, திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆறாம் மாதம் வலியே இருக்காது. அப்போதுதான் கூட்டாளிகள் பந்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். அந்த மாதத்தில் அவனைக் கண்காணியுங்கள்.

கபடி ஆடும்போது காயம். உள்பக்க மெனிஸ்கஸில் கிழிசல் என்கிறார்கள். முட்டை முழுவதும் நீட்ட முடிகிறது, மடக்க முடிகிறது. உட்கார்ந்து எழும்போது வலி. ‘கிழிந்ததை எடுத்துவிட்டால் தீர்ந்தது’ என்கிறார்கள் நண்பர்கள். – 20 வயது மாணவர், தக்கலை

தம்பி, 1985இல் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அப்போது எனக்கு வயது 18. சரல் மைதானத்தில் விழுந்தேன். முட்டைத் திறந்து, மெனிஸ்கஸ் முழுவதையும் எடுத்து, ஒரு குப்பியில் போட்டு என் அப்பாவிடம் காட்டினார்கள். அப்பா மீன் வியாபாரி. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘கணவாய்த் துண்டு மாதிரியல்லவா இருக்கிறது’ என்றார். ஒரு மாதத்தில் ஓடினேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அறுவை செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய வழக்கம் அது. ஆனால் மெனிஸ்கஸை எடுத்த முட்டுகள் எக்ஸ்ரேயில் எப்படித் தேய்கின்றன என்று ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1948லேயே எழுதிவிட்டார். என் முட்டைத் திறந்தது அதற்கு 37 ஆண்டு கழித்து! ஆய்வு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்துதான் வருகிறது. இன்று என் கிளினிக் படிகளில் நான் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்து நோயாளிகள் எனக்கே எண்ணெய் பரிந்துரைக்கிறார்கள்.

இன்றைய நிலை இது. டென்மார்க்கில் மெனிஸ்கஸ் கிழிந்த, 18 முதல் 40 வயது வரையானவர்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. தற்செயலாக அதிலும் 121 பேர்தான். பாதிப் பேருக்கு உடனே அறுவை, பாதிப் பேருக்கு மேற்பார்வையோடு பயிற்சி. ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. பயிற்சிப் பிரிவில் நாலில் ஒருவர் இடையில் அறுவைக்குப் போனார். ஆகவே நீங்கள் மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள். ஆனால் திடீரென்று ஒரு நாள் முட்டு பூட்டு விழுந்தது போல நீட்ட முடியாமல் நின்றுவிட்டால் கதை வேறு. கிழிந்த துண்டு புரண்டு உள்ளே மாட்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களை அந்த ஆய்விலும் சேர்க்கவில்லை. அப்போது விரைவாக வாருங்கள். அன்றும் ‘எடுக்க வேண்டும்’ என்றால், ‘தைக்க முடியாதா?’ என்று ஒரு முறை கேளுங்கள்.

என் 12 வயது மகளுக்குப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தபோது, ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் இருப்பதாகத் தையற்கார அக்கா சொன்னார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு 28 டிகிரி பக்கவாட்டில் வளைந்திருக்கிறதாம். பெல்ட் போடச் சொல்கிறார்கள். பையைச் சுமந்ததால் வந்ததா? போட்டால் சரியாகுமா? – ஒரு தாய், குளச்சல்

அந்தத் தையற்கார அக்காவுக்கு என் வணக்கம். எங்கள் பரிசோதனையும் அவ்வளவுதான்: பிள்ளையை முன்னால் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகின் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்போம்.

பையால் வரவில்லை. நீங்கள் உட்கார வைத்த விதத்தாலும் வரவில்லை. பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. வலி வராமல் இருக்க அது நல்லதுதான், ஆனால் இந்த வளைவுக்கும் பைக்கும் தொடர்பில்லை. வளரும் வயதில், காரணம் தெரியாமல், பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு வருவது இது.

உங்கள் ‘சரியாகுமா’ என்ற சொல்லைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். பெல்ட்டின் வேலை நிமிர்த்துவதைவிட, மேலும் வளையாமல் காப்பது. அது உண்மையில் காக்கிறதா என்பதில் நெடுங்காலம் மருத்துவர்களுக்கே சந்தேகம் இருந்தது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தி, 2013இல் வெளிவந்த ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. 10 முதல் 15 வயது வரை, 20 முதல் 40 டிகிரி வரை வளைவுள்ள 242 பிள்ளைகள். வளர்ச்சி முடியும்போது வளைவு 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள், பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம், வெறுமனே கவனித்து வந்தவர்களில் 48 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள இன்னொரு கணக்கு. நாளுக்கு 18 மணி நேரம் போடச் சொல்லிவிட்டு, பெல்ட்டுக்குள் உடல் சூட்டைப் பதியும் சிறு கருவி ஒன்றையும் வைத்தார்கள். ஆணியில் தொங்கிய நேரம் தனியாகத் தெரிந்துவிடும்! சராசரியாக நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் உண்மையாகவே போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். அதே சமயம், பெல்ட் இல்லாமலே ஏறத்தாழப் பாதிப் பேர் தப்பினார்கள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. உங்கள் மகள் அந்தப் பாதியா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவள் வயதுக்கு வந்தாளா, எலும்பு வளர்ச்சி இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். 28 டிகிரியும் வளர்ச்சி மிச்சமும் இருந்தால் நான் போடச் சொல்வேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வேதனைதான். உள்ளே தையல் மடிப்பு இல்லாத பருத்திப் பனியன், நாளுக்கு இரண்டு. ஒரு திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ அதைக் கழற்றிவைத்துவிட்டு வந்தால் திட்டாதீர்கள். பன்னிரண்டு வயதில் அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவது பெரிய காரியம், அம்மா.

ரப்பர் பால் வெட்டுகிறேன், வயது 24. இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வது போல வலி, நான்கு வாரமாக. டிஸ்க் மூன்று இடத்தில் பிதுங்கியிருப்பதாக ஸ்கேன். இந்த வயதில் ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பேனா? – குலசேகரம் வாசகர்

இப்போதும் நடந்துகொண்டுதானே இருக்கிறீர்கள்? மூன்று இடம் என்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்கு வந்தது: 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. உங்கள் மூன்றில் இரண்டு அப்படி இருக்கக்கூடும். பெருவிரல் வரை போகும் வலியோடு ஒத்துப்போகும் ஒன்றுதான் நமக்கு வேண்டியது.

நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கால்வலி பொறுத்த 283 பேரிடம் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். உடனே அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் தீர்ந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் மட்டும் இடையில் அறுவைக்குப் போனார்கள். நீங்கள் இன்னும் ஆறு வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. படுத்தே கிடக்க வேண்டாம், நடங்கள். கீழ்ப்பட்டையில் குனிந்து வெட்டும் மரங்களை இரண்டு மாதம் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். பால் வாளியை நிறைத்துத் தூக்காதீர்கள்.

பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், சிறுநீர் கழிக்க முடியாமலோ தெரியாமலோ போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால், காலை வரை காத்திருக்க வேண்டாம். அன்று இரவே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

13 வயது மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது. – ஒரு தாய், கருங்கல்

குதித்து ஆடும் பிள்ளைகளுக்குச் சகஜம். வளரும் எலும்பை நாண் இழுத்துக்கொண்டே இருப்பதால் வருவது. 1903இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இருவர் தனித்தனியாக எழுதியது, இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. ஆட்டத்தைச் சற்றுக் குறைத்தால் போதும், வளர்ச்சி நிற்கும்போது வலியும் நிற்கும். புடைப்பு மிஞ்சலாம். மற்ற காலிலும் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள்.

16 வயது, வலக்கை வேகப்பந்து வீச்சாளன். இரண்டு மாதமாக இடுப்பின் இடப்பக்கம் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். – மார்த்தாண்டம்

வலக்கையால் வீசுபவனுக்கு இடப்பக்கம் வலித்தால் நான் எக்ஸ்ரேயை நம்ப மாட்டேன். முள்ளெலும்பின் பின்வளைவில் மயிரிழை விரிசல் விழும் இடம் அது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஸ்கேன் எடுங்கள் என்று நானே சொல்லும் அபூர்வமான இடம் இது. விரிசல் என்றால் பல மாதம் பந்து வீசக் கூடாது, பெரும்பாலும் அறுவை வேண்டாம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுக்கேற்ற ஓவர் வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் நன்றாக வீசுபவன் கையிலேயே பந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எலும்புக்கு வர்ம ஆசானிடம் தடவுவதை நீங்கள் எதிர்க்கிறீர்களா? எங்கள் குடும்பம் தலைமுறையாக வர்மம் பார்க்கும் குடும்பம். – திருவட்டாறு வாசகர்

வர்மம் விளைந்த மண்ணில் பிறந்துவிட்டு அதைப் பழிக்க மாட்டேன். பழைய இடுப்புவலிக்கு உழிச்சல் செய்து இதமாக இருந்தது என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மூன்று இடத்தில் மட்டும் கையை எடுத்துவிடச் சொல்வேன். ஒன்று, புதுக் காயம். அதிலும் பிள்ளைகளின் முழங்கை. அடிபட்டு வீங்கியதைத் தடவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம். இரண்டு, விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கிய கட்டு. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. பத்து முதல் இருபது வயதுக்குள், முழங்காலுக்குச் சற்று மேலோ கீழோ வீக்கம், அடிபட்ட நினைவே இல்லை, இரவில் வலி கூடுகிறது என்றால் எலும்புப் புற்றாக இருக்கலாம். இந்தப் புற்று வந்த இடத்தைப் பிடித்துவிடச் செய்துகொண்ட நோயாளிகளுக்கு நுரையீரலுக்குப் பரவுவதும் உயிரிழப்பும் கூடுதலாக இருந்ததைத் தைவான் மருத்துவர்கள் 2010இல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் குடும்பம் ஒரு வேலை செய்யலாம். இப்படி ஒரு பிள்ளை வந்தால் தடவாமல், ஒரு எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்காதவர்கள் ஆசான் சொன்னால் கேட்பார்கள்.

என் தங்கை மகளுக்கு 9 வயது. முதுகெலும்பில் காசநோய், மருந்து கொடுக்கிறார்கள். மருந்து மட்டும் போதுமா? – ஆரல்வாய்மொழி

இந்தக் கேள்விக்கு உலகமே படிக்கும் விடை நம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்தா பெரிய அறுவையா என்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டது. நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிடுவது பெரும்பாலானோருக்குப் போதும் என்றது. ஒரு விலக்கையும் சொன்னது: 15 வயதுக்குக் குறைந்த, ஆரம்பத்திலேயே கூன் 30 டிகிரிக்கு மேல் உள்ள பிள்ளைகள். நோய் ஆறிய பிறகும் அவர்களின் முதுகு வளரும்போது கூன் கூடிக்கொண்டே போகலாம். எந்தப் பிள்ளைக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு அடையாளங்களைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2001இல் காட்டினார். ஆகவே மருந்தை ஒரு நாளும் விடாமல் கொடுங்கள், அரசு இலவசமாகத் தருகிறது. மருந்து முடிந்த பிறகும் அவள் வளர்ந்து முடியும்வரை ஆண்டுதோறும் முதுகைக் காட்டுங்கள். ‘நோய் போய்விட்டது, இனி எதற்கு?’ என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

பள்ளி உடற்கல்வி ஆசிரியர் நான். பெண்கள் கால்பந்து அணி ஆரம்பித்திருக்கிறோம். முட்டுக் காயம் வராமல் தடுக்க ஏதாவது வழி உண்டா? – பூதப்பாண்டி

உண்டு, செலவும் இல்லை. ஏ.சி.எல். காயம் பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிட அதிகம் வருவதால் உங்கள் கேள்வி சரியான இடத்திலிருந்து வருகிறது. ‘ஃபிஃபா லெவன் பிளஸ்’ என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது. மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிடம்: மெதுவோட்டம், வயிற்றுத் தசைக்கும் தொடைக்கும் வலு, ஒற்றைக்கால் நிற்பு, குதித்து இறங்குதல், கடைசியில் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 பெண்களிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடும் காயங்கள் ஏறத்தாழப் பாதியாயின.

குதித்து இறங்கும்போது இரண்டு முட்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று முத்தமிடக் கூடாது. நீங்கள் முன்னால் நின்று பார்க்க வேண்டியது இதை மட்டும்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆட்டத்துக்கு முன், விடாமல் செய்ய வேண்டும். படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்குச் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். சரல் மண்ணில் முழங்கை உரிந்தால் மறுநாள் பிள்ளைகள் வர மாட்டார்கள்.